சத்தம் போடும் கீசர்: சென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளுக்குப் புதிதாக வருபவர்கள் ஓரிரு ஆண்டுகளுக்குள் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். கீசர் சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் உள்ளிருந்து கடகடவென்று சத்தம் வரத் தொடங்கி, நாளாக ஆக அது வலுக்கிறது. எங்கள் வீட்டில் இது தொடங்கியபோது யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது என்று தெளிவாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. வந்து பார்த்த ஒருவர் மூடியைக்கூடக் கழற்றாமல், “டேங்க் போச்சு சார், புதுசா வாங்கிடுங்க” என்று சொல்லி, விசிட் சார்ஜையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பிறகு வேறொருவர் கழற்றிப் பார்த்தபோது தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டைச் சுற்றி உப்பு படிந்திருந்ததுதான் அத்தனை சத்தத்துக்கும் காரணம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்பவை 10, 15, 25 லிட்டர் தொட்டி கொண்ட மின்சார கீசருக்குப் பொருந்தும். கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் எதையும் தாங்களே கழற்றாமல், கேஸ் வேலை தெரிந்தவரை மட்டுமே அழைக்க வேண்டும்.

1. உடனே நிறுத்த வேண்டிய சத்தங்களை முதலில் பிரித்துவிடுங்கள்

பெரும்பாலான சத்தங்களுக்கு நிதானமாக வழி தேடலாம்; இரண்டுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது.

முதலாவது, சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கிலிருந்தோ சுவிட்சிலிருந்தோ வரும் ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல். கூடவே பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ, பிளக்கின் முனைகள் கறுத்திருந்தாலோ, கனெக்‌ஷன் தளர்ந்து சூடேறுகிறது என்று பொருள். 2,000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். தளர்ந்த முனையில் அந்த அளவு மின்சாரம் தொடர்ந்து பாய்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. இது எலெக்ட்ரீஷியனின் வேலை. கீசர் கம்பெனிக்கு ஃபோன் செய்து காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, தொட்டிக்குள் தண்ணீர் கொதிக்கும் தளதளப்பு. சூடுநீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவியும் சீறி வரும். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை என்பதற்கு இது அடையாளம். மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, தண்ணீர் தானாக ஆறும்வரை குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

சத்தத்தோடு சேராத இன்னொரு அடையாளமும் இதே பட்டியலில் வர வேண்டும். ஷவரிலோ குழாயிலோ கை வைக்கும்போது லேசாகச் ‘சுர்’ரென்று இழுத்தால், அது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கீசரை அணைத்துவிடுங்கள். எர்த்திங் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

2. சத்தம் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள்

எப்படிப்பட்ட சத்தம் என்பதைக் காட்டிலும் எப்போது வருகிறது என்பதே காரணத்தைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும். சுவிட்சைப் போடுவதற்கு முன்பிருந்து விளக்கு அணையும்வரை ஃபோனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் வரும் நேரத்தில் கீசர் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அப்போது இந்தப் பதிவு பேசும்.

சூடாகும்போது மட்டும் கடகடவென்றும் படபடவென்றும், கடுகு வெடிப்பதுபோல் விட்டுவிட்டு வந்தால், அது உப்புப் படிவு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, எலிமென்ட்டின் மேல் ஓடுபோல் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஓட்டுக்கும் எலிமென்ட்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் தண்ணீர் கொதித்து, ஆவிக் குமிழாகி வெடித்து வெளியேறும்போது இந்தச் சத்தம் எழுகிறது. சென்னையில் கீசர் சத்தம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

குழாயை மூடும்போது சுவருக்குள் ‘டொம்’ என்று இடித்தால் குற்றம் கீசரில் இல்லை. பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில், ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் திடீரென்று நிறுத்தப்படும்போது ஏற்படும் அதிர்ச்சி அது. தளர்ந்த பைப் கிளாம்ப்புகளை இறுக்கி, பம்பின் அழுத்தத்தைக் குறைத்தாலே அடங்கிவிடும். சூடுநீர் ஓடும்போது மட்டும் விசிலடித்தால், கீசரின் அடியிலுள்ள ஆங்கிள் வால்வு பாதி மூடியிருக்கும், அல்லது தண்ணீர் உள்ளே போகும் வழியில் இருக்கும் சேஃப்டி வால்வில் குப்பை அடைத்திருக்கும். ‘டிக்’ என்ற ஒற்றைச் சத்தம் தெர்மோஸ்டாட்டினுடையது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சேஃப்டி வால்விலிருந்து சூடாகும் நேரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும் இயல்பே. தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும். அந்தச் சொட்டு தரையை நனைக்கிறது என்று வால்வின் வாயை மூடி போட்டு அடைத்துவிடும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் தொட்டியை வெடிக்காமல் காப்பது அந்தச் சிறிய துளைதான். சொட்டும் தண்ணீரை ஒரு மெல்லிய குழாய் வைத்து வடிகாலுக்குக் கொண்டுபோனால் போதும். சூடாகாத நேரத்திலும் இடைவிடாமல் ஒழுகினால் மட்டும் வால்வை மாற்றுங்கள்.

3. உங்கள் தண்ணீரின் கடினத்தன்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்

அசோசியேஷன் செயலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மேல்நிலைத் தொட்டிக்கு வருவது குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரியா? பல இடங்களில் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. கோடையில் மெட்ரோ தண்ணீர் குறைந்து போர் தண்ணீர் கூடும்போது படிவும் கூடும். மெட்ரோ தண்ணீர் கடினத்தன்மையில் குறைந்தது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், பழைய மகாபலிபுரம் சாலை ஓரப் பகுதிகளின் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை அங்குள்ளவர்களின் குழாய்களும் கண்ணாடிகளுமே சொல்லும்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் டி.டி.எஸ். மீட்டர். அது தண்ணீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்தே காட்டும். படிவுக்குக் காரணமான கால்சியம், மக்னீசியம் எவ்வளவு, அதாவது கடினத்தன்மை எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி நன்றாக வேலை செய்யும்போதுகூட டி.டி.எஸ். குறையாது, ஏனென்றால் அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. ஆகவே கடினத்தன்மைக்கென்றே விற்கும் சோதனைத் தாளை வாங்கிப் பாருங்கள், அல்லது ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் 300-ஐத் தாண்டினால், ஆண்டுக்கு ஒருமுறை கீசரைச் சுத்தம் செய்வதை வீட்டுச் செலவுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

4. தொட்டியை வடித்துக் கழுவிப் பாருங்கள்

ஆரம்ப நிலைப் படிவாக இருந்தால், யாரையும் அழைக்காமல் இதைச் செய்தாலே சத்தம் ஓரளவு குறையும். வாரண்டிக்கும் பாதிப்பில்லை, ஏனென்றால் கீசரின் மூடியை நீங்கள் திறக்கப்போவதில்லை. அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

முதலில் எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையில் இறங்குவது போதாது. சூடுநீர்க் குழாயைத் திறந்து, வருகிற தண்ணீர் முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று உறுதியாகும்வரை ஓட விடுங்கள். பிறகு கீசருக்குத் தண்ணீர் போகும் ஆங்கிள் வால்வை மூடுங்கள். நீல வளையம் இருக்கும் பக்கம்தான் அது. சூடுநீர்க் குழாய் திறந்தே இருக்கட்டும். அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் கீழே இறங்கும். அடியில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு, சேஃப்டி வால்வின் நெம்புகோலைத் தூக்குங்கள். நெம்புகோல் இல்லாத கீசராக இருந்தால், நீலப் பக்கத்துக் கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றுங்கள்.

முதலில் தெளிந்த தண்ணீர் வரும். கடைசி சில லிட்டர்கள் பால்போல் கலங்கி, வெள்ளையும் பழுப்புமான சில்லுகளோடு வரும். தொட்டி காலியானதும் ஆங்கிள் வால்வைச் சிறிது நேரம் திறந்து மூடி, மறுபடியும் வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

மறுபடி மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். ஆங்கிள் வால்வை முழுவதும் திறந்து, சூடுநீர்க் குழாயில் காற்று விட்டுவிட்டு வருவது நின்று, தண்ணீர் சீராகக் கொட்டும்வரை காத்திருங்கள். தொட்டி நிரம்பாத நிலையில் சுவிட்சைப் போட்டால், தண்ணீருக்கு வெளியே நிற்கும் எலிமென்ட் சில நிமிடங்களிலேயே கருகிவிடும்.

கழுவிய பிறகு சூடாகும் நேரத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 வாட் எலிமென்ட் 28 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 15 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 17 நிமிடமும், 25 லிட்டர் தொட்டியில் 28 நிமிடமும் ஆகும். விளக்கு ஐந்தே நிமிடத்தில் அணைந்து தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தால், தெர்மோஸ்டாட்டின் உணர்குழலையும் உப்பு மூடியிருக்க வாய்ப்புண்டு; அப்படியானால் உள்ளே திறந்து சுத்தம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

5. ஃபோன் செய்வதற்கு முன் இவற்றை எடுத்து வையுங்கள்

வாங்கிய பில், வாரண்டி கார்டு, கீசரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் ஸ்டிக்கரின் படம், முன்பு சர்வீஸ் செய்திருந்தால், செய்த வேலையை எழுதிக் கொடுத்த ஜாப் ஷீட். பில் தொலைந்திருந்தால், வாங்கிய கடையில் உங்கள் ஃபோன் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெரிய கடைகள் பழைய பில்லைக் கணினியிலிருந்து எடுத்துக் கொடுக்கின்றன.

வாரண்டி கார்டை அச்சு சிறிதாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிடாமல் முழுதும் படியுங்கள். பெரும்பாலான கார்டுகளில் தொட்டிக்கு ஒரு காலம், எலிமென்ட்டுக்கு ஒரு காலம், மற்ற பாகங்களுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாக இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் ஆண்டுக்கணக்கு தொட்டிக்கு உரியது. உப்புப் படிவால் வரும் பழுது சேராது என்றோ, தண்ணீரின் கடினத்தன்மை ஓர் அளவைத் தாண்டினால் வாரண்டி செல்லாது என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இலவச சர்வீஸை எதிர்பார்த்து நாள்களைக் கடத்த வேண்டாம்.

கஸ்டமர் கேர் எண்ணை வாரண்டி கார்டிலிருந்தோ கீசரின் மேலுள்ள ஸ்டிக்கரிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத்தில் தேடினால் முதலில் வருகிற எண்களில் போலிகள் இருக்கின்றன. முன்பணம் அனுப்பச் சொல்பவர்களிடமும், ஃபோனில் ஏதாவது ஆப் இறக்கச் சொல்பவர்களிடமும் பேச்சை அத்தோடு நிறுத்துங்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோடை முழுக்க மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீரே சுடுவதால் கீசரை யாரும் தொடுவதில்லை. ஐப்பசி மழை பிடித்ததும் எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் சுவிட்சைப் போடுகிறார்கள். சத்தமும் அப்போதுதான் காதில் விழுகிறது. அன்றிலிருந்து மார்கழி முடியும்வரை டெக்னீஷியன் கிடைப்பது கடினம். ஆவணியிலோ புரட்டாசியிலோ அழைத்தால் சொன்ன நாளில் வருவார், வேலையையும் அவசரமில்லாமல் செய்வார்.

6. டெக்னீஷியன் வந்தபின் கூடவே நில்லுங்கள்

“டீஸ்கேலிங் பண்ணணும், எலிமென்ட்டை வெளிய எடுத்து எனக்குக் காட்டுங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். டீஸ்கேலிங் என்றால் உப்புப் படிவை நீக்குவது. தொட்டியை வடித்துவிட்டு, அடிப்பக்கத் தகட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் எலிமென்ட், தெர்மோஸ்டாட் குழல், ஆனோடு ராடு மூன்றும் பெரும்பாலான மாடல்களில் சேர்ந்தே வெளியே வரும். எங்கள் வீட்டு எலிமென்ட் வெளியே வந்தபோது அதன் வளைவுகளே தெரியவில்லை. இரண்டு சுருள்களுக்கும் இடையிலான இடைவெளி முழுக்கச் சுண்ணாம்பால் அடைபட்டு ஒரே கட்டியாக இருந்தது. தொட்டியின் அடியிலிருந்து கைநிறையச் சில்லுகள் கொட்டின.

அந்தப் படிவை ஸ்க்ரூ டிரைவரால் குத்தியோ சுத்தியலால் தட்டியோ எடுக்கக் கூடாது. எலிமென்ட்டின் வெளியுறையில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், மின்சாரம் தண்ணீருக்குள் கசியும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, வெந்நீரில் தாராளமாகக் கரைத்து அதில் எலிமென்ட்டை ஊற வைத்தால் போதும். நுரைத்துக்கொண்டு படிவு கரையும். மிச்சத்தைத் தேய்த்தே எடுத்துவிடலாம். கெட்டியான படிவுக்குச் சில மணி நேரம் ஆகும் என்பதால், முந்தைய நாளே எலுமிச்சை உப்பு வாங்கி வைத்துவிட்டு, காலை நேரமாகப் பார்த்து வரச் சொல்லுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொட்டிக்குள் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது உட்பூச்சின் கீறல்கள் வழியே இரும்பைத் தின்றுவிடும்.

சுத்தமான எலிமென்ட்டை மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 2,000 வாட் எலிமென்ட் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். முனைக்கும் உலோக உறைக்கும் இடையே தொடர்பு எதுவும் காட்டக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் எலிமென்ட்டை மாற்றத் தேவையில்லை. ஆனோடு ராடு மெலிந்து உள்ளேயிருக்கும் கம்பி தெரிய ஆரம்பித்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள். தொட்டியின் இரும்பு அரிக்காமலிருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்வது அந்த மக்னீசியக் கம்பிதான். இதில் மிச்சம் பிடிப்பது பிறகு தொட்டியையே விலையாகக் கேட்கும். திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் கட்டாயம் புதிதாக இருக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, விசிட் சார்ஜ், டீஸ்கேலிங் கூலி, பாகங்களின் விலை, பதிவு பெற்ற சர்வீஸ் சென்டராக இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று நான்கு வரிகளாகக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்தால் விசிட் சார்ஜ் அதில் கழியுமா என்பதை ஃபோனிலேயே கேட்டுவிட வேண்டும். மாற்றிய பழைய பாகங்களை உங்களிடமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். என்ன செய்தார், எதை மாற்றினார், அதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதெல்லாம் ஜாப் ஷீட்டில் எழுதப்பட்ட பிறகே பணம் கொடுங்கள்.

7. புதிது வாங்கச் சொன்னால்

தொட்டியின் உடலே அரித்து, வெளியுறையின் அடியிலிருந்து துருநீர் ஒழுகினால் பழுது பார்க்க இயலாது. புதிதுதான் வாங்க வேண்டும். எலிமென்ட், தெர்மோஸ்டாட், வால்வு, ஆனோடு ஆகிய எதன் பழுதும் புதிது வாங்கக் காரணமாகாது. ‘டேங்க் போய்விட்டது’ என்பவரிடம் ஒழுகும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

மின்கட்டணம் கூடும் என்று பயமுறுத்துவதையும் அப்படியே நம்ப வேண்டாம். எலிமென்ட் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால், படிவு இருந்தாலும் அதன் சூடு தண்ணீருக்குத்தான் போய்ச் சேர வேண்டும். படிவு செய்யும் உண்மையான கேடு, எலிமென்ட்டை அளவுக்கு மீறிச் சூடாக்கி அதன் ஆயுளைக் குறைப்பதே.

8. வாடகை வீட்டில் யார் செலவு?

தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் தன் இரண்டாம் அட்டவணையில் பழுதுகளை இரண்டாகப் பிரிக்கிறது. குழாய்களை மாற்றுவதும் மின் வயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு; கீசர் பழுது, சுவிட்ச், சாக்கெட் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டால் எழுதியதே செல்லும். புதிதாகக் குடிபோகிறவர்கள் கையெழுத்திடும் முன்பே கீசரை ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் இருந்தால், “கீசரை ஒரு தடவை டீஸ்கேலிங் பண்ணிக் கொடுத்துடுங்க சார், அடுத்த வருஷத்திலேர்ந்து நாங்க பாத்துக்கறோம்” என்று ஹவுஸ் ஓனரிடம் சொல்லி, அதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. மீண்டும் படியாமல் இருக்க

தெர்மோஸ்டாட் திருகை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவும் விரைகிறது, சென்னைக் குளிருக்கு 60 தாராளம். நாள் முழுதும் சுவிட்சைப் போட்டே வைத்திருப்பதையும் விட்டுவிடலாம். 300-ஐத் தாண்டிய தண்ணீருக்குக் குளியலறையிலோ குடியிருப்பு முழுமைக்குமோ சாஃப்ட்னர் வைப்பது நல்லது, ஆனால் குறித்த காலத்தில் உப்புப் போட்டு அதைப் புதுப்பிக்காவிட்டால் வைத்தும் பயனில்லை. குடியிருப்பில் ஏற்கெனவே சாஃப்ட்னர் இருந்தால், உப்பு வாங்கிய பில்களை அசோசியேஷன் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.

10. ஏமாற்றப்பட்டால்

வாரண்டி இருந்தும் பணம் கேட்டாலோ, மாற்றாத பாகத்துக்குப் பில் போட்டாலோ, முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்பிப் புகார் எண்ணை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பில், ஜாப் ஷீட், சத்தத்தின் பதிவு, பழைய பாகத்தின் படம் ஆகியவற்றை மனுவோடு சேர்க்க வேண்டும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.